ஆட்டக்காரர்

பூச்சி அரித்த தீங்கியல் உரைநூலை
ஒத்தக்கடை நீதிமன்ற நூலகத்தில் பிரித்தேன்.
ஜன்னல் நிறைய யானைமலை படுத்திருந்தது,
வாய்தா வாங்கிய கட்சிக்காரன் மாதிரி.

என் கட்சிக்காரி ராக்கு.
அழகர்மலை அடிவாரம். பதினோரு வெள்ளாடு,
இப்போது பத்து.
கண்மாய்க் கரையை ஒட்டி ரிசார்ட்காரர்கள்
புல் விரித்து, குழி வெட்டி, கொடி நட்ட மறு வருஷம்
வேலி தாண்டி வந்தது ஒரு வெள்ளைப் பந்து.
நெற்றியில் வெள்ளை இருந்ததால் அந்த ஆட்டுக்குச் சுட்டி என்று பெயர்.
பந்து அந்தச் சுட்டியிலேயே விழுந்தது.
வயித்துல ரெண்டு, என்றாள் ராக்கு.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பந்தை என் மேசைமேல் வைத்தாள்.
முட்டையோ என்று குமாஸ்தா சூசைராஜ் தொட்டுப் பார்த்தார்.

மேலூரில் ஜெயித்தோம். மேல்முறையீட்டிலும் ஜெயித்தோம்.
இங்கேதான் வந்தது வினை.
வாக்குமூலத்தில் "நான் ஆட்டுக்காரி" என்று சொல்லியிருந்தாள்.
தட்டச்சில் ஆட்டக்காரி என்று வந்துவிட்டது.
ஒரு சுழி.
மொழிபெயர்ப்பில் அது
விளையாட்டு வீராங்கனை ஆகிவிட்டது.

எதிர்த்தரப்பு சீனியருக்கு இது போதாதா?
ஒவ்வொரு மே மாதமும் கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுபவர்.
களத்துக்குள் வந்தவர்
அடிபடச் சம்மதித்தவரே என்றார்.
உரைநூலின் சாம்பியன்களை ஒவ்வொருவராக எழுப்பினார்:
ஒருவர் அடித்த பந்து பார்வையாளரின் தொப்பியைத் தட்டியது,
ஒருவருடையது பாதிரியாரின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது,
வழக்கு ஒன்றும் நிற்கவில்லை.
நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்,
கதாகாலட்சேபம் கேட்பதுபோல.

மதியம் என் முறை.
அதே நூல், அதே அத்தியாயம்,
சீனியர் புரட்டாத பக்கத்தின் அடியில்
பொடி எழுத்தில் ஆர்ச்சி டன்மோர்.
மூன்று முறை சாம்பியன். நாலாவது முறை, கடைசி நாள்,
புதருக்குள் குனிந்து மட்டையை வைக்கும்போது
பந்து ஓர் எள்ளளவு நகர்ந்தது.
யாரும் பார்க்கவில்லை.
அவரே கை தூக்கினார், ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்றார்.
அந்த ஓர் அடியில் கோப்பை போயிற்று.
உரையாசிரியர் கீழே எழுதியிருந்தார்:
சட்டம் இவரிடம் எதையும் கேட்கவில்லை.

மை லார்ட், இங்கே பந்து
இருநூறு கெஜம் நகர்ந்திருக்கிறது.
பார்த்தவர்கள் நாலு பேர்.
கை தூக்கியவர் யாருமில்லை.
அசலில் என் கட்சிக்காரி வைத்தது கைநாட்டு.
பெருவிரலுக்கு எழுத்துப்பிழை தெரியாது.

சீனியர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

முப்பது அடி உயரத்துக்கு வலை.
ஆட்டுக்குப் பதினெட்டாயிரம்.
பிறக்காத குட்டிகள் கணக்கில் இல்லை.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்புத் திரட்டில் அச்சானது.
தலைக்குறிப்பிலேயே டன்மோர்.
ராக்கு, எதிர்மேல்முறையீட்டாளர்.
அந்தச் சொல் அவளைவிட நீளம்.
சுட்டி எங்குமே இல்லை. ஒரு "கால்நடை" இருந்தது.
ஓரத்தில் பென்சிலால் பேரை எழுதினேன்,
நூலகப் பிரதி என்று தெரிந்தேதான்.

பணம் வாங்க வந்த அன்று
மேலூர் பஸ்ஸில் ஒரு கால் வைத்தபடி கேட்டாள்:
"நமக்காகப் பேசுனாரே அந்த வெள்ளக்காரரு,
அவுகளும் ஆடு வச்சிருந்தாகளோ?"
"இல்ல ராக்கு, அவர் ஆட்டக்காரர்."
"அதத்தான் கேக்குறேன்."

பஸ் கிளம்பிப் போனபின்தான் நினைவு வந்தது,
அத்தியாயத்தின் முதல் பத்தி:
அந்தத் தேசத்தில் கோல்ஃப் திடல்களெல்லாம்
முதலில் மேய்ச்சல் நிலங்கள்.
மணற்பள்ளங்கள் யாரும் வெட்டியவை அல்லவாம்,
கடல்காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள்
படுத்துப் படுத்து உண்டானவையாம்.

புழுதி அடங்கும்வரை நின்றேன்.
வைத்திருந்தாலும் வைத்திருப்பார்.